காபி மலையில் குதிரையா, நடையா, ஜீப்பா? மதுரையிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

என் அக்கா மகன் சென்ற ஆண்டு தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். கொலம்பியாவின் காபி மாவட்டத்தில், சலென்டோ என்ற ஊருக்குப் பக்கத்திலிருக்கும் கோகோரா பள்ளத்தாக்கில், அந்நாட்டின் தேசிய மரமான மெழுகுப் பனைகள் வானை முட்டி நிற்க, முதுகில் பை மாட்டிய ஒருவர் சேற்றுப் பாதையில் குதிரைமேல் போய்க்கொண்டிருந்தார். பின்னால் மேகம் படிந்த மழைக்காடு. "மாமா, நம்ம பக்கமும் காபி இருக்கு, காடு இருக்கு, குதிரையும் இருக்கு. இந்த மாதிரி போக முடியாதா?" என்று கேட்டான். அவனுக்குப் பிறகு என் அலுவலகத்தில் வேறு இருவரும் ஏறக்குறைய இதையே கேட்டார்கள்.

முடியும். ஆனால் அந்தப் படத்தில் இருப்பதை அப்படியே இங்கே எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்து திரும்புவார், அல்லது ஒரு குதிரையின் முதுகைப் புண்ணாக்கிவிட்டுத் திரும்புவார். கொடைக்கானலைச் சுற்றிய பழனி மலைத்தொடரில் காபி விளையும் பகுதிகளான தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, வெள்ளகவி ஆகிய ஊர்களை மனத்தில் வைத்து, நானே போய்ப் பார்த்த நான்கு வழிகளை, பழகிப் பார்க்க உதவும் கொடைக்கானல் ஏரிச்சாலைக் குதிரையோடு சேர்த்து, இங்கே ஒப்பிடுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் எடை. குதிரை தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமக்கலாம் என்பது குதிரை வளர்ப்பவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் வரம்பு. இதில் ஏறுகிறவர், அவருடைய பை, சேணம் மூன்றும் அடக்கம். மலையேற்றத்தில் அதற்கும் குறைவாகவே வைப்பது நல்லது. நம் மலைகளில் வாழைத்தாரும் மிளகு மூட்டையும் சுமக்கும் மட்டக்குதிரை 220 கிலோ இருக்கிறது என்று கொண்டால், அது தாங்கக்கூடியது 44 கிலோ. சேணத்துக்கு 7 கிலோ போனால் மிச்சம் 37 கிலோ. அது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எடை. 65 கிலோ எடையுள்ள ஒருவர் 12 கிலோ பையுடன் ஏற வேண்டுமானால், சேணத்தையும் சேர்த்து 84 கிலோ ஆகிறது. அதற்கு 420 கிலோ எடையுள்ள பெரிய குதிரை வேண்டும். பொதி சுமக்கும் மட்டக்குதிரைகளில் அப்படி ஒன்றைத் தேடிப் பயனில்லை.

இரண்டாவது, காபியும் மழைக்காடும் ஒரே உயரத்தில் இல்லை என்பது. நம் பக்கத்து அராபிகா வகைக் காபி பெரும்பாலும் 900 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர் வரையுள்ள சரிவுகளில், சில்வர் ஓக், பலா, ஆரஞ்சு ஆகியவற்றின் நிழலில் வளர்கிறது. நாம் சோலைக்காடு என்று சொல்லும் உண்மையான மலை மழைக்காடு அதற்கு மேலே, கொடைக்கானல் உயரத்தை ஒட்டித் தொடங்குகிறது. இரண்டையும் ஒரே நாளில் காட்டுகிற பாதை எது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது அனுமதி. பட்டா நிலமான எஸ்டேட்டுக்குள் உரிமையாளரின் சம்மதம் போதும். காப்புக்காட்டுக்குள்ளோ சரணாலயத்துக்குள்ளோ வனத்துறையின் அனுமதி இல்லாமல் கால் வைப்பது குற்றம். கொடைக்கானல் வனப்பகுதி 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என்பதை மலைக்குப் போகிறவர்கள் பலர் அறிந்திருக்கவில்லை. இவை தவிர பணம், நேரம், உடல்நிலை எல்லாம் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## கொடைக்கானல் ஏரிச்சாலைக் குதிரை

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1863-இல் வியர் லெவிஞ்ச் என்ற பிரிட்டிஷ் அதிகாரி உருவாக்கிய ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தார்ச்சாலை ஓடுகிறது. அங்கே வாடகைக் குதிரைகள் நிற்கின்றன. அவை பொதிக் குதிரைகளைவிடப் பெரியவை, ஆள் ஏறிப் பழகியவை. முதன்முதலாகக் குதிரைமேல் உட்கார்ந்து பார்க்கவும், உங்கள் இடுப்பும் தொடையும் அதைத் தாங்குமா என்று தெரிந்துகொள்ளவும் இதைவிட நல்ல இடம் கிடையாது. காபியும் இல்லை, காடும் இல்லை. கடிவாளத்தைக் குதிரைக்காரர் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். குதிரைக்குப் பிஸ்கட்டும் பன்னும் ஊட்டாதீர்கள். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. தின்றது ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுவலி வந்தால் அது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

## எஸ்டேட் பாதையில் குதிரைச் சவாரி

அக்கா மகன் கேட்டது இதைத்தான். மதுரை ஆரப்பாளையத்திலிருந்து வத்தலக்குண்டு போய், அங்கிருந்து பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் பேருந்தில் போனால், கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏற வெக்கை குறைந்து, புளியமரங்கள் மறைந்து, சாலையோரத்தில் காபிச்செடிகள் தென்படத் தொடங்கும். இங்கே சவாரிக்கென்று குதிரை வைத்திருக்கிறவர்களைத் தேடிப் போகாதீர்கள். இருப்பவை சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து வாழை, ஆரஞ்சு, காபி மூட்டைகளை இறக்கும் பொதிக் குதிரைகள். தெரிந்த தோட்டக்காரர் மூலமாகச் சொல்லிவைத்தால், சற்றே பெரிய குதிரை ஒன்றைச் சேணம் பூட்டித் தருகிற ஆள் சில நேரம் கிடைப்பார்.

இதன் நிறையை முதலில் மனமாரச் சொல்லிவிடுகிறேன். நடந்து போகிறவருக்குக் காபித் தோட்டம் இரண்டு பக்கமும் எழும்பிய பச்சைச் சுவர். கவாத்து செய்த அராபிகா ஆள் மார்பளவோ தலையளவோ நிற்கும். அவர் பார்ப்பது இலையின் அடிப்புறத்தையும் தண்டையும்தான். குதிரைமேல் உட்கார்ந்தவரின் கண்ணோ செடிகளுக்கு மேலே இருக்கிறது. சுவர் அங்கே விரிப்பாகிவிடுகிறது. மார்ச் இறுதியில் ஒரு மழை விழுந்து, ஒன்பது பத்து நாள் கழித்து நான் போயிருந்தேன். பூ மழை என்று தோட்டக்காரர்கள் சொல்வது அந்த மழையைத்தான். சரிவு முழுவதும் ஒவ்வொரு கிளையிலும் கணுவுக்குக் கணு வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. வாசனை நம் ஊர் மல்லிகைக்கு மிக நெருக்கமானது. நிலக்கோட்டைப் பூச்சந்தையில் விடியற்காலையில் மூட்டை பிரிக்கும்போது முகத்தில் அடிக்குமே, அதில் கொஞ்சம் தேன் கலந்தாற்போல. இரண்டு மூன்று நாளில் அவ்வளவும் பழுத்துப்போய் உதிர்ந்துவிடும். அதைக் குதிரை உயரத்திலிருந்து பார்த்ததற்கு நான் என்றைக்கும் நன்றியுடையவன்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருகிறேன். அன்றைக்கு ஓர் ஓடைக்கு முன்னால் பாசி படிந்த கல்லில் குதிரையின் பின்னங்கால் ஒருமுறை வழுக்கியது. குதிரைக்காரர் திரும்பிப் பார்க்காமலேயே, "தம்பி, இறங்கிக்கிருங்க. ஆள் இல்லேன்னா அவனே பாத்துப் போயிருவான்" என்றார். இறங்கினேன். அக்கரையில் சேணத்தை இறுக்குவதற்காக அவர் விரிப்பைத் தூக்கியபோது, முதுகெலும்புக்குச் சற்று இடப்புறமாக, பழைய ஒரு ரூபாய் நாணய அளவுக்கு முடி உதிர்ந்து, சிவந்து, ஈரமாக ஓர் இடம் தெரிந்தது. அடுத்த நொடியே அதில் ஈ வந்து உட்கார்ந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூட்டைக்குப் பழகிய முதுகில் 70 கிலோ ஆளாக ஏறி உட்கார்ந்தவன் நான். மூட்டை ஆடாது. குதிரையேறத் தெரியாத ஆள் ஒவ்வோர் அடிக்கும் ஆடுவான், அந்த உரசல்தான் தோலை எடுக்கிறது. மீதி நான்கு கிலோமீட்டரையும் அதன் பக்கத்திலேயே நடந்து வந்தேன்.

ஆகவே ஏறுவதற்கு முன்பே விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகு, முன் கால் இடுக்கில் வார் உரசும் இடம், நான்கு குளம்பிலும் லாடம், இவற்றைப் பாருங்கள். காட்டத் தயங்குகிறவரின் குதிரையில் ஏற வேண்டாம்.

நேரமும் மிச்சமாகாது. குதிரைக்காரர் முன்னால் நடக்க, அவர் வேகத்துக்குத்தான் குதிரையும் நடக்கும். செங்குத்தான இறக்கத்தில் எப்படியும் இறங்கியாக வேண்டும். பழக்கமில்லாதவருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் உள்தொடை எரியத் தொடங்கி, மறுநாள் மாடிப்படி ஏறுவதே பெரும்பாடாகும். தலைக்கவசம் நீங்களே கொண்டுபோக வேண்டும். குதிகால் உள்ள ஷூ கட்டாயம், ஏனென்றால் செருப்புக் கால் அங்கவடிக்குள் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) வழுக்கி மாட்டிக்கொண்டால், விழுகிறவரைக் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தால், போகும் முன் மருத்துவரைக் கேட்டு டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். விபத்துக் காப்பீடு இருக்கிறது என்று நம்புகிறவர்கள், குதிரையேற்றத்தை அது விலக்கியிருக்கிறதா என்று பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

கூலி பேசும்போது ஒன்றை மறக்க வேண்டாம். அந்த நாளில் அவர் சுமை எடுத்தால் என்ன கிடைத்திருக்குமோ அதையும், ஆளுக்கான நாள் கூலியையும், கொள்ளுக்கும் தவிட்டுக்கும் ஆகிற செலவையும் சேர்த்துத்தான் அவர் கேட்பார். அது நியாயமான கணக்கு. பேரம் பேசிக் குறைத்தால், குறைவது குதிரையின் தீவனமாகத்தான் இருக்கும்.

சேணத்தோடு சேர்ந்த மொத்த எடை குதிரைக்குள் அடங்குகிறவர், ஏரிச்சாலையிலாவது இரண்டு முறை ஏறிப் பார்த்தவர், எஸ்டேட்டின் ஜீப் தடத்தில் இரண்டு மணி நேரம் போதும் என்று நினைக்கிறவர், இவர்களுக்கு இதுவே மிகச் சிறந்தது. சோலைக்காட்டுக்குள் மட்டும் குதிரை வேண்டாம். அங்கே கிளைகள் தாழ்ந்து முகத்தில் அடிக்கும், வேர்கள் காலை வாரும், அனுமதியும் எளிதில் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, பஞ்சு போன்ற அந்த மண்ணை ஒரு குளம்பு கிளறினால் அது ஆறுவதற்கு நீண்ட காலம் பிடிக்கும்.

## கால்நடையாக, வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு

காட் ரோடு என்னும் மலைச்சாலை வருவதற்கு முன்பு பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் இந்த மலைச்சரிவு வழியாகத்தான் ஏறினார்கள். நடந்தும், குதிரையிலும், நாற்காலியில் கூலியாட்கள் தூக்கியும் அந்தப் பயணம் நடந்தது. இன்றைக்கும் வட்டக்கானலில் தொடங்கி டால்பின் மூக்குப் பாறையைத் தாண்டி வெள்ளகவிக்கு இறங்கும் பாதை இருக்கிறது. மேலே சோலைக்காடு, கீழே போகப்போகக் காபியும் மிளகும் ஆரஞ்சும். நான் முன்னே சொன்ன இரண்டாவது அளவுகோலை முழுமையாக நிறைவேற்றுவது, நான் நடந்தவற்றில், இந்தப் பாதை ஒன்றுதான். நெடுங்காலம் சாலையே இல்லாமல் வாழ்ந்த ஊர் வெள்ளகவி. அரிசி, பருப்பு முதற்கொண்டு எல்லாம் குதிரை முதுகில்தான் ஏறி இறங்கின. ஊரை ஒரு கோயிலாக நினைக்கும் அந்த மக்கள் ஊருக்குள் செருப்பு அணிவதில்லை. நாமும் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அனுமதி விஷயத்தில் எந்தச் சலுகையும் எதிர்பார்க்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மதுரைக்காரர்கள் மறக்க முடியாது. தீக்காயம் பட்டவர்களை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ்களின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை இணையவழிப் பதிவுக்குத் திறந்தது. வட்டக்கானல்–வெள்ளகவி அவற்றுள் ஒன்று. கட்டணத்துடன் வழிகாட்டியும் வருவார். சொந்த வாகனத்தில் கொடைக்கானல் போகிறவர் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதும் 2024 மே 7 முதல் நடைமுறை. அரசுப் பேருந்தில் போனால் அந்தக் கவலை இல்லை.

இதில் மறைந்திருக்கும் செலவு முழங்கால். தொடர்ந்து இறக்கம் என்பதால், மூச்சு வாங்காது என்று நம்பிப் போகிறவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். திரும்ப ஏறுவதாக இருந்தால் அது வேறு கதை. மழைக்காலத்தில் அட்டை உண்டு, சுண்ணாம்போ உப்போ கையில் இருக்கட்டும். காட்டுமாடு எதிர்ப்பட்டால் வழிகாட்டி சொல்கிறபடி அசையாமல் நின்று, அது போன பிறகு நகர வேண்டும்.

## ஜீப்

அறுபது வயதைக் கடந்தவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், ஒரே நாளில் மதுரைக்குத் திரும்ப வேண்டியவர்கள், இவர்கள் ஜீப்பில் போவதுதான் சரி. பெரும்பாறைக்குப் பக்கத்தில் புல்லாவெளி அருவி, தாண்டிக்குடி முருகன் கோயில், அங்கேயே காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம், பழங்காலக் கல்திட்டைகள் என்று ஒரு பகலில் நாலைந்து இடங்களைப் பார்த்துவிடலாம். காட்டுக்குள் போன நிறைவு மட்டும் கிடைக்காது. இன்ஜின் சத்தத்தில் மலையணிலின் குரல்கூடக் கேட்காது. அறுவடைக் காலத்தில் காலையிலும் மாலையிலும் ஜீப்புகள் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றி இறக்கப் போய்விடும் என்பதால், நடுப்பகலில்தான் கிடைக்கும். அதற்கேற்ப நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

## பை குதிரைமேல், ஆள் தரைமேல்

யாரும் என்னிடம் கேட்காத வழி இது. என் கருத்தில் பெரும்பாலோருக்குப் பொருந்துவதும் இதுதான். நான்கு பேர், ஆளுக்கு 8 கிலோ பை. மொத்தம் 32 கிலோ. ஒரு மட்டக்குதிரையின் வரம்புக்குள் அடங்குகிறது. அது தன் வாழ்நாள் முழுவதும் செய்து பழகிய வேலையும் இதுவே. சுமை ஆடாமல் இரண்டு பக்கமும் சமமாகக் கட்டப்பட்டிருக்கும். நீங்கள் வெறுங்கையோடு, நிமிர்ந்த தலையோடு நடக்கிறீர்கள். குதிரைக்காரர் பக்கத்திலேயே வருவதால் பேச்சும் கிடைக்கிறது: எந்த மரத்தில் தேன் எடுப்பார்கள், எந்த ஓடையில் யானை தண்ணீர் குடிக்க வரும், பலா பழுக்கும் மாதத்தில் எந்த வழியாகப் போகக் கூடாது என்றெல்லாம். குதிரையேறியவனுக்கு இதெல்லாம் காதில் விழாது. அவன் கவனம் முழுவதும் விழாமல் இருப்பதிலேயே போய்விடும்.

படத்தில் குதிரைமேல் இருக்க வேண்டும் என்ற ஆசை இதில் நிறைவேறாது. அக்கா மகன் முதலில் முகம் சுளித்தான். இரண்டாம் நாள் காலையில் குதிரைக்கு அவனே வாளியில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

| | எஸ்டேட் சவாரி | வெள்ளகவி நடை | ஜீப் | பை குதிரைமேல் |
|---|---|---|---|---|
| காபி | மேலிருந்து முழுதும் | பாதையின் கீழ்ப்பாதியில் | சாலையோரம் | அருகிலிருந்து |
| மழைக்காடு | இல்லை | உண்டு | எட்டிப் பார்க்கலாம் | எஸ்டேட்டில் இல்லை |
| அனுமதி | தோட்டக்காரர் | வனத்துறை | பொதுச்சாலைக்குத் தேவையில்லை | எஸ்டேட்டில் தோட்டக்காரர் |
| உடலில் படும் இடம் | தொடை, இடுப்பு | முழங்கால் | முதுகு | கால் |

## எந்த மாதத்தில் எது

அட்டவணையில் அடங்காத ஒன்று பருவம், முடிவை மாற்றக்கூடியதும் அதுவே. கீழ்ப்பழனி மலையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை கொட்டும். அப்போது பாசிக் கற்களில் குதிரையும் வழுக்கும், மனிதனும் வழுக்குவான். அராபிகா அறுவடை நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை நடக்கும். பழம் சிவந்து பார்க்க அழகாக இருக்கும்தான், ஆனால் அந்த மாதங்களில் ஒவ்வொரு பொதிக் குதிரைக்கும் ஓய்வில்லாத வேலை. அதைச் சவாரிக்குக் கேட்பது தோட்டக்காரருக்கும் இடைஞ்சல், குதிரைக்கும் கூடுதல் பாரம். ஆகவே மழை விட்ட ஜனவரியில் மதுரையிலிருந்து கிளம்புகிறவர் வெள்ளகவிக்கு நடக்கலாம்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை காட்டுத்தீக் காலம் என்று வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடுவது வழக்கம். குதிரைகள் சற்று ஓய்ந்திருப்பதும், பூ மழை பெய்வதும் அந்த மாதங்களில்தான். அப்போது எஸ்டேட்டுக்குள் போங்கள். தோட்டக்காரரின் எண்ணை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, மார்ச் தொடக்கத்திலேயே பேசி, "மழை விழுந்த அன்றே ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழை விழுந்த நாளிலிருந்து எட்டாம் நாள் பையைக் கட்டினால் போதும்.